கலத்தின் வாயிலில்

தொய்வு நோயாளி சல்பியூற்றமோலை உள்ளிழுத்த சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் தளர்கின்றது. அம்மருந்தோ தசைக்கலத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றது. அங்ஙனமாயின் செய்தி உள்ளே செல்வது எவ்வாறு?

கலமென்சவ்விற் பதிந்துள்ள 'வாங்கி' என்னும் புரதமே அதனை ஏற்கின்றது. இத்தகைய பொருளொன்று கலத்தில் உண்டென இங்கிலாந்து உடற்றொழிலியலறிஞர் இலாங்லி 1905இல் உரைத்தார். கண்ணாற் கண்டவர் இன்மையின் ஐயுற்றோர் பலர், அவரைக் குறைகூறுதற்கில்லை. 1986இல் அமெரிக்கரான இலெவ்கோவிற்சின் குழுவினர் இவ்வாங்கியின் மரபணுவை அறிந்து, அது மென்சவ்வை ஏழுமுறை ஊடறுக்கும் ஒரே சங்கிலி எனக் கண்டனர்.

அக்குழுவிலிருந்த கோபில்கா, 2011இல் எக்ஸ் கதிர்களின் துணையால் அது தொழிற்படும் நிலையையே படம்பிடித்தார். வெளிப்புறத்தில் மருந்து பொருந்த, உட்புறத்தில் சுருளொன்று மில்லிமீற்றரின் பத்திலட்சத்திலொரு பங்கினும் சற்றே கூடிய தூரம் விலகுகின்றது. அவ்விடைவெளியிலே உள்ளிருக்கும் பிறிதொரு புரதம் வந்து பொருந்திச் செய்தியைப் பெறுகின்றது. 2012இல் இருவருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று வழங்கும் மருந்துகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இக்குடும்பத்து வாங்கிகளையே நாடுகின்றன.