ஐந்து சதவீதம் எப்போது நியாயம்?

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இயங்கிய பெபிள் நிறுவனம், முதலீட்டாளர்கள் கைவிரித்த பிறகு, 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி திரட்டும் தளம் வழியாக ஏறத்தாழ 69,000 பேரிடம் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. தளத்தின் கட்டணம் 5 சதவீதம். 115 டாலர் கட்டி ஒரு ஸ்மார்ட் வாட்ச் கேட்டவரின் பணத்தில் 5.75 டாலர் தளத்துக்கு. கார்டு கட்டணம் தனி. இது லாபத்தில் பங்கல்ல, வரவில் பங்கு. உதிரிபாகம், அச்சு வார்ப்பு, கப்பல் செலவு போக மிஞ்சுவதே சொற்பமான மின்னணுத் தொழிலில் இந்த வேறுபாடு சிறியதல்ல. செப்டம்பரில் தருவதாகச் சொன்ன வாட்ச் 2013 ஜனவரியில்தான் அனுப்பப்படத் தொடங்கியது. தளமோ தன் பங்கை நிதி திரட்டல் முடிந்ததுமே எடுத்துக்கொண்டது.

கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்ததே தளம்தானே என்பார்கள். உண்மை. இலக்கை எட்டாவிட்டால் கிக்ஸ்டார்ட்டர் ஒரு காசும் வாங்குவதில்லை என்பதும் பாராட்டத்தக்கது. மாறாக, இதே வகைத் தளமான சான் பிரான்சிஸ்கோவின் இண்டிகோகோ, இலக்கை எட்டியவரிடம் 4 சதவீதமும் எட்டாமல் கிடைத்ததை எடுத்துக்கொண்டவரிடம் 9 சதவீதமும் 2015 வரை வாங்கியது; தடுமாறுபவர் மீதே கூடுதல் சுமை. ஆகவே என் ஆட்சேபம் 5 என்ற எண்ணின் மீதல்ல, அதை வாங்கும் நேரத்தின் மீது. பொருள் வராவிட்டால் முழு இழப்பும் பணம் கட்டியவருக்கு, தளத்துக்கு எதுவும் இல்லை. கட்டணத்தில் பாதியையாவது பொருள் கைக்கு வரும்வரை நிறுத்திவைத்தால், திட்டங்களைச் சலித்துப் பார்க்கும் அக்கறை தளத்துக்கும் வரும்.