தங்கவயல் கிறிஸ்துமஸ் கேக்

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை ஏற்றதைத் தொடர்ந்து, வட ஆற்காட்டுத் தமிழ்த் தொழிலாளரும் கடல் கடந்து வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும் ஒருங்கே வாழ்ந்த அப்பிரதேசத்தில் வேரூன்றி, 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் வழக்கொழியாமல் நிலைத்திருக்கும் பதார்த்தம் கிறிஸ்துமஸ் கேக். அவ்வூரிலேயே பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்கள் எழுதியிருக்கிறார்.

உலர்ந்த திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், செர்ரி முதலியவற்றைப் பொடியாக நறுக்கி, ரம்மில் வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கிலும், ஊறவைத்து, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா ஆகியவற்றோடு கலந்து, கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றி, மிதமான உஷ்ணத்தில் நெடுநேரம் சுட்டெடுப்பார்கள். அவசரப்பட்டு அனலைக் கூட்டினால், நடுப்பாகம் வேகுமுன் ஓரம் வறண்டுவிடும்.

இது வாரக்கணக்கில் கெடாதிருப்பதன் ரகசியம் பழத்தின் வறட்சியில் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து லிமூஸான் பிரதேசத்தார், செர்ரிப் பழங்களைக் கொட்டை நீக்காமலே பரப்பி, முட்டையும் பாலும் மாவும் கலந்த கரைசலை ஊற்றிச் சுடும் கிளாஃபூட்டி மிகச் சுவையானதே. ஆயினும் புதுப்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீராதலால், அதை அன்றோ மறுநாளோ உண்டுவிட வேண்டும். உலர்ந்த திராட்சையிலோ ஜலாம்சம் ஏறக்குறைய பதினைந்து பங்குதான். அந்தச் சொற்ப நீரையும் அதன் சர்க்கரை தன்னோடு பிணைத்துக்கொள்வதால், பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் கிட்டுவதில்லை.

போஷாக்கின் கணக்கும் இதே வறட்சியைப் பொறுத்தது. 100 கிராம் புதுத் திராட்சை சுமார் 70 கலோரி தர, அதே எடையுள்ள உலர்ந்த திராட்சை சுமார் 300 கலோரி தருகிறது. நார்ச்சத்தும் பொட்டாசியமும் இரும்பும் அவ்வாறே செறிந்திருக்க, வைட்டமின் 'சி' மட்டும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பின், "பழந்தானே, உடம்புக்கு நல்லது" என்று பெரிய துண்டாக எடுத்துக்கொள்வோரின் சமாதானம் எனக்கு உடன்பாடன்று. மெல்லிய துண்டொன்றே தாராளம்.

சுடும்போது ரம் முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை. குழந்தைகளுக்காகத் தயங்குவோர் பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைக்கலாம்; ஆனால் அதை ஓரிரவுக்கு மேல் ஊறவிடலாகாது, கேக்கும் அத்தனை நாள் தாங்காது.