காய்ச்சல் போட்டுவிட்டுப் போன கோடு

புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரின் அறைக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க! வந்து உட்கார்ந்த அம்மாவிடம் அவர் கேட்பது ஒன்றே: "கையை நீட்டுங்கம்மா." விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கிறார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல்ல படுத்தீங்களா?" அந்த அம்மா வாயடைத்துப் போகிறார். ஆமாம், டெங்கு!

ஜோசியம் இல்லைங்க, கணக்கு. கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். அந்த அம்மாவின் எல்லா நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம், நகத்தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி. வகுத்தால் மாதம் வந்துவிடுகிறது!

டாக்டர்கள் இதைப் 'போஸ் லைன்ஸ்' என்பார்கள். 1846-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ஒனோரே சிமோன் போவின் பெயர். இதில் எனக்குத் தனிக் குஷி: அதற்கும் முன்பே, 1823-இல், பிரெஞ்சுக்காரர்கள் நம்ம புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். கோரிமேட்டு ஜிப்மர் அதன் வழி வந்ததுதான்.

சரி, நகத்தோலுக்கு அடியில் நுழைவோம். அங்கே ஒளிந்திருப்பது மேட்ரிக்ஸ். கட்டைவிரலில் வெள்ளையாகத் தெரியும் பிறை அதன் முன்விளிம்பு. செல்கள் இங்கே பெருகி, கெட்டியாகி, நகமாக வெளியே வருகின்றன. கடுங்காய்ச்சல், பெரிய ஆபரேஷன், கீமோ என்று உடம்பு தள்ளாடும்போது இந்த வேலை மந்தமாகிறது. அந்த நாட்களில் உருவான நகம் மெலிசு. அதுதான் பள்ளம்! கீமோவின் ஒவ்வொரு சுற்றும் தனிக்கோடு போடுவதுகூட உண்டு. வேலை அடியோடு நின்றுபோனால் நகமே கழன்றுவிடும். கை-கால்-வாய் நோய் வந்த குழந்தைக்கு ஓரிரு மாதம் கழித்து நகம் உரிவது இப்படித்தான். பதற வேண்டாம், அடியில் புது நகம் கிளம்பியிருக்கும்.

ஒரு விரலில் மட்டும் பள்ளமா? கதவிடுக்கில் நசுங்கியதா என்று யோசியுங்கள். சிறுவயதில் பறக்கும் கொக்கிடம் நகத்தைக் காட்டிப் பூக் கேட்டோமே, அந்த வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் சின்ன அடிகளின் தடம்தான்.

எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. ஜோடியாக வெள்ளைப் பட்டைகள். அழுத்தினால் மறையும், நகம் வளர்ந்தாலும் இடம் நகராது! ஏனென்றால் அவை நகத்தில் இல்லை, அடியிலுள்ள சதையில் இருக்கின்றன. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் வெகுவாகக் குறைந்ததைச் சொல்பவை. ஆல்புமின் ஏறினால் மறைந்துவிடும்.

போஸ் லைனுக்கு மருந்து தேவையில்லை; சுமார் ஆறு மாதத்தில் வளர்ந்து வெளியேறிவிடும். ஆனால், நோய் எதுவும் நினைவில் இல்லாமலே பல விரல்களில் பள்ளம் வந்தாலோ, ஒரே நகத்தில் புதிதாக நெடுக்குவாட்டில் கறுப்புக் கோடு தெரிந்தாலோ, மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். போகும்போது நகப்பூச்சைத் துடைத்துவிட்டுப் போங்கள்.