ஒரு மாதத்து ஒத்திகையும் இரு விவரணப்படங்களும்

1969ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், இங்கிலாந்தின் பீற்றில்ஸ் இசைக்குழுவினர் நால்வரும் இலண்டனை அடுத்த ருவிக்கன்ஹாம் படப்பிடிப்பு நிலையத்திற் கூடினர். இளமை முதல் ஒருங்கே இசைத்துவந்த அந்நால்வரும் புதுப்பாடல்களை ஒத்திகை பார்ப்பதைத் தொலைக்காட்சிக்கெனப் படமாக்குவதே நோக்கம். நெறியாளர் மைக்கேல் லிண்ட்சே ஹொக். அம்மாதத்திற் பிடிக்கப்பட்ட படச்சுருள் ஏறத்தாழ 60 மணி நேரம் ஓடக்கூடியது. ஒலிநாடாவோ 150 மணி நேரத்திற்கும் மேற்பட்டது. இம்மூலத்தினின்றும் இரு விவரணப்படங்கள் தோன்றின. அவற்றைக் கண்டோர் ஒன்றற்கொன்று மாறான தீர்ப்பு வழங்கியமை ஆராயத்தக்கது.

முதற்படமான "லெட் இற் பி" 1970 மே மாதத்தில் வெளிவந்தது. அளவு ஏறத்தாழ 80 நிமிடம். அதற்கு முந்திய ஏப்பிரல் 10ஆம் நாளே, போல் மக்காட்னி குழுவினின்றும் விலகிய செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஆகவே கொட்டகைக்குட் சென்றோர் இழவு வீட்டுக்குச் செல்பவரின் மனத்தோடு சென்றனர் எனலாம். கிற்றார் வாசிக்கும் முறைபற்றிப் போலும் ஜோர்ஜ் ஹரிசனும் முரண்படும் காட்சியொன்று அதில் உண்டு. எந்தக் குழுவின் ஒத்திகையிலும் நிகழக்கூடியதே அது. எனினும் அதனையே பிரிவுக்குச் சான்றாகப் பார்த்தோர் கொண்டனர். 16 மில்லிமீற்றர்ச் சுருளைப் பெருப்பித்ததால் உண்டான மங்கலும் அத்துயரச் சாயலை மிகுவித்தது. இலண்டன் முதற்காட்சிக்கு நால்வருள் ஒருவரும் செல்லவில்லை. படத்தில் மகிழ்ச்சியே இல்லையென றிங்கோ ஸ்டார் பிற்காலத்திலும் குறைகூறினார்.

வேடிக்கை யாதெனில், சனவரி 10ஆம் நாள் ஜோர்ஜ் குழுவை விட்டே வெளியேறி, சில நாள்களின் பின்னரே மீண்டார். அச்செய்தி இப்படத்தில் இல்லை. பிரிவைக் காட்டும் படமெனப் பெயரெடுத்தது, உண்மையான வெளியேற்றத்தை மறைத்தே வைத்திருந்தது!

2021 நவம்பரில் நெறியாளர் பீற்றர் ஜக்சன் தொகுத்தளித்த "கெற் பக்" மூன்று பகுதிகளாக, எட்டு மணி நேரத்திற்குச் சற்றே குறைவாக ஓடுவது. ஜோர்ஜின் வெளியேற்றம் அதில் ஒளிவின்றி உண்டு. ஆயினும் கண்டோருட் பெரும்பாலார் அதனை மகிழ்ச்சியான படம் என்றனர். பிணக்குக்குப் பின் பகடி வருகிறது, தேநீர் வருகிறது, பழைய பாட்டொன்றை யாரோ தொடங்க மற்றவர் சேர்ந்துகொள்கின்றனர். ஜோன் லெனன் வந்துசேருமுன் போல் தம் பேஸ் கிற்றாரை மீட்டி மீட்டி, வெறும் ஒலியாய் இருந்ததைச் சில நிமிடங்களில் பாடலாக்கும் காட்சியே மிகுதியும் போற்றப்பட்டது. குழு குலைந்ததற்கு நெடுங்காலம் பழிசுமந்த யோக்கோ ஓனோ, பெரும்பாலும் ஓரமாக அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பதைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டோர் பலர். கிற்றார் ஒலியில் அமிழ்ந்துகிடந்த பேச்சுகளைக் கணினி கொண்டு பிரித்தெடுத்ததும் இதற்கு உதவிற்று.

ஒரே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்கச் சலிப்புத் தட்டுகிறது என்றோரும் உளர். அவர் கூற்றுப் பொய்யன்று. பாடல் பிறக்கும் இடம் அத்தகையதே. இன்னொரு ஐயம் இதனினும் வலிது. குழுவின் சொந்த நிறுவனமும் தயாரிப்பிற் பங்குகொண்ட படம் இது. அறுபது மணியில் எட்டைத் தெரிந்தவர், எண்பது நிமிடத்தைத் தெரிந்தவரைப் போலவே பலவற்றை விலக்கியவர்தாம். 2024 மே மாதத்தில் "லெட் இற் பி" சீர்செய்யப்பட்டு மீண்டும் வெளிவந்தபோது, எண்ணியிருந்த அளவுக்குத் துயரமானதன்று அப்படம் எனப் பலர் வியந்தனர்.

பார்ப்போர் கருத்து வேறுபடுவது சனவரி 30ஆம் நாளே தொடங்கிவிட்டது. அன்று நண்பகலில் அவர்கள் தம் அலுவலகக் கூரைமீது நின்று 42 நிமிடம் வாசித்தனர். கீழே சவில் றோ வீதியிற் கூடியோரிடம் படக்குழுவினர் கருத்துக் கேட்டனர். சிலர் புகழ்ந்தனர், தூக்கம் கலைந்ததென ஒரு பெண்மணி சினந்தார், வியாபாரம் கெடுகிறதென்றனர் வேறு சிலர். ஜக்சன் திரையைப் பகுத்து, கூரையையும் வீதியையும் அலுவலக வாயிலையும் ஒருங்கே காட்டுகிறார். வாயிலில், முறைப்பாடு கேட்டு வந்த இளம் பொலிசார் இருவர் மேலே செல்ல வழிகேட்டுக் காத்துநிற்கின்றனர்.