நேர்மின்னிப் பரிமாற்றம் (ஒளி அலைநடத்தி)

நேர்மின்னிப் பரிமாற்றம் என்பது இலித்தியம் நையோபேட்டு போன்ற படிகங்களின் மேற்பரப்பில் ஒளி செல்வதற்கான மெல்லிய பாதையை உருவாக்கும் வேதிமுறை ஆகும். இப்பாதை ஒளி அலைநடத்தி எனப்படும். உருகிய அமிலத்தில் படிகத்தை அமிழ்த்தும்பொழுது, படிகத்தின் இலித்திய அயனிகளில் ஒரு பகுதி வெளியேறுகிறது. அவற்றின் இடத்தில் அமிலத்தின் நேர்மின்னிகள் (புரோத்தான்கள்) அமர்கின்றன. அமிலத்தில் உள்ள சிறிதளவு ஈரப்பசையும் இதன் விளைவை வெகுவாக மாற்றக்கூடும்.

வரலாறும் செய்முறையும்

1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக்கெல், ரைஸ், வெசெல்கா ஆகியோர் பென்சாயிக் அமிலத்தைக் கொண்டு இம்முறையைச் செய்து காட்டினர். இவ்வமிலம் 122 பாகை செல்சியசில் உருகி, 249 பாகையில் கொதிப்பது. தைட்டானியத்தைப் படிகத்துள் ஊடுருவச் செய்யும் முந்தைய முறைக்கு 1000 பாகை அளவிலான வெப்பம் தேவை. இதற்கோ 150 முதல் 300 பாகை வரை போதும்.

633 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கு, படிகத்தின் இயல்பிலா ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.12 உயர்கிறது, இயல்பு ஒளிவிலகல் எண் சற்றுக் குறைகிறது. ஆகவே ஒரே முனைவாக்கம் கொண்ட ஒளியே பாதையில் செல்லும். சுழற்சியை அளக்கும் ஒளியிழைக் கைரோசுக்கோப்புகளுக்கு இப்பண்பு பெரிதும் உதவுகிறது.

ஈரப்பசையின் பங்கு

உருகிய தூய பென்சாயிக் அமிலத்தில் மிகச் சில மூலக்கூறுகளே அயனிகளாகப் பிரிந்திருக்கும். நீர் மூலக்கூறு நேர்மின்னியை எளிதில் ஏற்பதால் இப்பிரிகை கூடுகிறது; படிகத்துள் புகக்கூடிய நேர்மின்னிகளும் பெருகுகின்றன. திறந்த கலத்தில் நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மூடிய கண்ணாடிக் குழாயில் அது வெளியேற வழியில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சமையலறை உப்பு பிசுபிசுத்துப் போவதைக் காணலாம். உப்பைப் போல் அவ்வளவு ஈரம் இழுக்காவிடினும், வேதித்தூளின் பரப்பிலும் குழாயின் உட்சுவரிலும் காற்றின் ஈரம் ஓரளவு படிகிறது. எனவே எடை, வெப்பநிலை, நேரம் மூன்றும் மாறாதிருந்தும் இருவேறு நாட்களில் செய்த அலைநடத்திகள் வேறுபடலாம்.

நேர்மின்னிகள் அளவுக்கு மிஞ்சினால் படிக அமைப்பு திரிந்து, உள்தகைவு ஏற்படுகிறது. ஒளியின் அலைநீளத்தை மாற்றப் பயன்படும் நேரிலாப் பண்பும் குன்றுகிறது. இதனைத் தவிர்க்க, மென்பரிமாற்ற முறையில் அமிலத்துடன் சில விழுக்காடு இலித்தியம் பென்சோயேட்டு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைப்பர். ஈரப்பசை இதற்கு நேர்மாறாகச் செயற்பட்டு, சேர்த்த உப்பின் பயனை ஓரளவு அழித்துவிடுகிறது.

கட்டுப்படுத்தல்

தூளை நன்கு உலர்த்துதல், குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி வெற்றிடத்தில் மூடுதல், வெற்றிடத்தில் அமில ஆவியைக் கொண்டே பரிமாற்றம் செய்தல் ஆகியவை தீர்வுகளாகும். படிகத்துள் சென்ற நேர்மின்னிகள் ஆக்சிசனுடன் இணைந்து ஐதராக்சில் தொகுதிகளாவதால், சென்டிமீட்டருக்கு 3500 அலையெண்ணை ஒட்டிய அகச்சிவப்பு உட்கவர்வைக் கொண்டு அவற்றை ஆராயலாம்.

எனினும், நீர் எல்லாப் படிநிலைகளிலும் தீங்கானது அன்று. தைட்டானிய ஊடுருவல் முறையில், இலித்தியம் ஆக்சைடு மேற்பரப்பிலிருந்து வெளியேறுவதைக் குறைக்க ஈரமூட்டிய ஆக்சிசனை வேண்டுமென்றே செலுத்துவதுண்டு. அங்கு நீரின் அளவு திட்டமிட்டது. பரிமாற்றக் குழாயிலோ அது அறியாமல் புகுவது.