கடன் அடையட்டும், ஆடி முடியட்டும்... குழந்தையை எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? நீர்க்கட்டி உள்ள பெண்கள் கவனிக்க!

சென்னை,

கல்யாணம் முடிந்து 3 மாதம்கூட ஆகியிருக்காது. 'விசேஷம் எதுவும் இல்லையா?' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்க ஆரம்பித்து விடுவார். கணவன்-மனைவிக்கோ வேறு கணக்கு. கல்யாணக் கடன் அடைய வேண்டும், அடகு வைத்த நகையை மீட்க வேண்டும். 'ரெண்டு வருஷம் போகட்டும்' என்று தள்ளிப் போடுகிறார்கள்.

உடம்பில் குறை இல்லாத இளம் தம்பதிக்கு இதில் பெரிய தப்பு இல்லை. ஆனால் வயசுக்கு வந்ததில் இருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள், 'நீர்க்கட்டி இருக்கு' என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள் இதே கணக்கைப் போட்டால் பின்னால் கஷ்டப்பட நேரிடும்.

ஒரு வருஷ கணக்கு

தடுப்பு முறை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் 100 தம்பதிகளில் சுமார் 85 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் கரு தங்கி விடும். அதனால்தான் மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள் டாக்டர்கள். 35 தாண்டினால் 6 மாதம்தான். 40-ஐ தொட்டு விட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

இது மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்களுக்கான கணக்கு. மாதா மாதம் கருமுட்டை வெளிவந்தால் வருஷத்துக்கு 12 அல்லது 13 வாய்ப்பு. 3 மாதத்துக்கு ஒருமுறை வருபவருக்கு? நாலே நாலு வாய்ப்பு! அதில் ஒன்று ஆடி மாதத்தில் பெண்ணை தாய்வீட்டில் விட்டிருக்கும்போது போய்விட்டால் மிச்சம் மூன்றுதான். 'ஒரு வருஷம் பாருங்க' என்று யாராவது சொன்னால் இவர்கள் அதைக் கேட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

கருமுட்டை அடுத்த மாதவிலக்குக்கு சுமார் 14 நாள் முன்பு வெளிவரும். 28 நாள் சுற்று என்றால் 14-வது நாள் வாக்கில். 35 நாள் சுற்று என்றால் 21-வது நாள் வாக்கில். அந்த நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் கரு தங்க ஏற்றவை.

முதலில் சோதனை, பிறகு முடிவு

தள்ளிப் போடுவதா, வேண்டாமா என்பதை சோதனை செய்து பார்த்த பிறகு முடிவு செய்வதே நல்லது. சின்ன வயதில் டி.பி. வந்து குணமானவர்களுக்கும், குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆனவர்களுக்கும் கருக்குழாயில் அடைப்பு இருக்கலாம். வெளியே எதுவும் தெரியாது. மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலி வருவதையும் 'எல்லா பொம்பளைக்கும் வர்றதுதான்' என்று விட்டுவிடக் கூடாது.

நீர்க்கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். மருந்தால் குணம் தெரிகிற பிரச்சினை இது. எடை அதிகம் உள்ளவர்கள் 80 கிலோவில் இருந்து 4 கிலோ, 8 கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது.

ஆம்பளைக்கு எதுக்கு சோதனை?

இங்கேதான் பல வீடுகளில் சண்டை. குழந்தை இல்லாததற்கு சுமார் பாதி தம்பதிகளில் ஆணிடமும் காரணம் இருக்கிறது. ஆனால் மனைவி ஸ்கேன், ஊசி என்று அலைவார். புருஷன் வாசலில் பைக்கோடு நிற்பார். செலவு குறைந்த, வலியே இல்லாத சோதனை ஆணுக்கான விந்தணு சோதனைதான். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு போனால் போதும்.

வயசு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விதைப்பை வீங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓட்டல் அடுப்பு, பாய்லர் என்று அனலில் வேலை செய்பவர்களுக்கும் உயிரணு குறைய வாய்ப்பு உண்டு. சிகரெட்டும் குடியும் தனிக்கதை. உயிரணு புதிதாக உருவாக இரண்டரை மாதம் ஆகும். அதனால் இன்று பழக்கத்தை விட்டால் பலன் தெரிய 3 மாதம் பிடிக்கும்.

தள்ளிப் போட வேண்டியவர்கள்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், தைராய்டு அளவு சரியாகாதவர்கள், டி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் அவசரப்படாமல் டாக்டரைக் கேட்டு சில மாதம் பொறுப்பதே நல்லது. வலிப்பு மாத்திரைகளில் சில கருவை பாதிக்கும். அதற்காக தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. போலிக் ஆசிட் மாத்திரையை கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

'ஆரம்பத்தில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அப்புறம் பிள்ளையே பிறக்காது' என்று பெரியவர்கள் சொல்வது உண்மை இல்லை. தள்ளிப் போடும் வருஷங்களில் வயசு ஏறுவதுதான் கவனிக்க வேண்டியது.

சென்னையில் சோதனைக்குழாய் குழந்தை 1990-லேயே பிறந்து விட்டது. ஆனாலும் தனியாரில் அந்த சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் ஆகும், ஒரே தடவையில் பலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2021-ம் ஆண்டு சட்டப்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி.

ஆரம்ப சோதனைகளுக்கு அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு பிரிவுக்கே போகலாம். பழைய ஸ்கேன், ரத்த பரிசோதனை சீட்டுகளோடு, கடைசி 6 மாதம் மாதவிலக்கு வந்த தேதிகளையும் குறித்து எடுத்துப் போக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கணவரும் கூடவே போவது நல்லது.