தவறிய ஒரு சொல்லும் அடுத்த வாக்கியமும்

ஒருவர் பேசும்போதே அதை இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டே போவது கடினமான பணி. காது கேட்க வேண்டும், மனம் நினைவில் வைக்க வேண்டும், வாய் பேச வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில். இம்முறை முதன்முதலில் பெரிய அளவில் பயன்பட்டது 1945ஆம் ஆண்டு நவம்பரில் நியூரம்பெர்க் நகரில் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையில்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஜெர்மன் என நான்கு மொழிகள். பேச்சு வேகமானால் மொழிபெயர்ப்பாளர்கள் மஞ்சள் விளக்கை எரியச் செய்வார்கள். பேசுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சை நிறுத்த வேண்டும். அதாவது, தேர்ந்தவர்களுக்கும் தடுமாற்றம் வரும் என்பதை ஏற்றுக்கொண்டே அந்த ஏற்பாடு அமைந்தது.

இன்று இப்பணிக்குப் பயிலும் மாணவர்கள் பலர் இதை ஏற்கத் தயங்குகிறார்கள். வகுப்பில் ஆசிரியரும் சக மாணவரும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் குறை சொல்வார்கள். ஒரு சொல் தவறியதும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குள் அடுத்த வாக்கியமும் போய்விடுகிறது.

குறையே கூடாது என்னும் மனப்பாங்கை உளவியலாளர்கள் ஹெவிட், ஃபிளெட் இருவரும் 1991இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் நிறைவை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று எண்ணுவது. எப்போதும் எடைபோடப்படும் மாணவரை மூன்றாவது எளிதில் பற்றிக்கொள்கிறது.

இங்கேதான் உணர்வுசார் நுண்ணறிவு தேவைப்படுகிறது. சலோவே, மேயர் இருவரும் 1990இல் விளக்கியபடி, அது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் அறிந்து, அந்த அறிவால் சிந்தனையையும் செயலையும் வழிநடத்தும் திறன். 'நான் பதறுகிறேன்' என்று உணரும் மாணவர், அந்தப் பதற்றத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குக் காது கொடுக்கிறார்.

இது கவனக்குறைவுக்குச் சாக்கு அன்று. மருத்துவமனையில் மருந்தின் அளவையோ, நீதிமன்றத்தில் ஒரு தேதியையோ மாற்றிச் சொன்னால் பாதிக்கப்படுவது கேட்பவரே. தவறுக்கு மிகவும் அஞ்சுபவர் அதை மறைக்கத் துணிந்துவிடலாம். தன் குறையை ஏற்கப் பழகியவரோ, "இதைத் திருத்திச் சொல்கிறேன்" என்று உடனே சொல்வார். நோயாளிக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு தருவது அந்த ஒரு வாக்கியமே.

நம் பிள்ளைகள் தவறு செய்யும்போது, அதைத் திருத்திச் சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுக்கிறோமா, மறைக்கும் அச்சத்தைக் கொடுக்கிறோமா? சிந்திப்போம்.